வாவியில் யாரும் இல்லை

என் பெயருக்கு முன்னால் இப்போது 'வளவாளர்' என்று போடுகிறார்கள். முப்பது வருடத்துக்கு மேல் பள்ளிக்கூடத்தில் விலங்கியல் படிப்பித்தபோது நான் வெறும் ரீச்சராகத்தான் இருந்தேன். ஓய்வு பெற்று, மட்டக்களப்பு நகரத்தில் என் பாட்டில் பூக்கன்றுகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தவளை, இயற்கைப் பாதுகாப்பு அமைப்பு ஒன்று தேடி வந்து வளவாளர் ஆக்கிவிட்டது. அப்படியென்றால் என்ன என்று கணவர் கேட்டார். செயலமர்வுகளில் மைக்கைப் பிடித்துப் பேசுகிறவர் என்று விளக்கினேன்.

"அத வீட்டில மைக் இல்லாமலே செய்ததுதானே," என்றார்.

எனக்கு இரண்டு வேலைகள். ஈரநிலம், பறவை, காடு பற்றி ஊர் மக்களுக்குத் தமிழில் பேசுவது ஒன்று. திட்ட அதிகாரி ஆங்கிலத்தில் பேசுவதையும் எழுதுவதையும் தமிழாக்குவது மற்றது. அந்த அதிகாரி கொழும்பிலிருந்து வருகிறவர். நல்ல மனிதர்; இதைக் கிண்டலுக்குச் சொல்லவில்லை. அவர் பேசிக்கொண்டிருக்கும்போது ஜன்னலுக்கு வெளியே ஒரு மீன்கொத்தி பறந்தால் வசனத்தை அந்தரத்தில் விட்டுவிட்டு அதையே பார்த்துக்கொண்டு நிற்பார். தமிழில் அவருக்கு வணக்கம் தெரியும், நன்றி தெரியும். அந்த இரண்டுக்கும் நடுவில் வருவதெல்லாம் என் பொறுப்பு.

அந்தப் பொறுப்பில் எனக்குக் கர்வமும் இருந்தது. பிள்ளைகள் கொப்பியில் 'ஆத்துல' என்று எழுதினால் சிவப்பு மையால் சுழித்து 'ஆற்றில்' என்று திருத்திய கை இது. மேடை ஏறினால் கொச்சைச் சொல் ஒன்று என் வாயில் வராது. மைக்கைக்கூட முதல் கொஞ்சக் காலம் 'ஒலிவாங்கி' என்றுதான் சொல்லிவந்தேன். ஒலிவாங்கியைக் கொஞ்சம் கிட்டக் கொண்டுவரச் சொன்னதற்கு சவுண்ட்காரர் நான் உட்கார ஒரு கதிரையைக் கொண்டுவந்து வைத்த பிறகு, அந்த ஒரு சொல்லில் மட்டும் விட்டுக்கொடுத்தேன்.

நான் சொல்லப்போவது பனிச்சங்கேணிப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் நடந்தது. ஊரின் பெயர் வேண்டாம். தப்பு ஊருடையது அல்ல.

அங்கே போவதென்றால் காலையிலேயே அமைப்பின் வான் வண்டி புறப்பட்டுவிடும். சித்தாண்டியைத் தாண்டும்போது சாரதி முருகன் கோயில் பக்கம் ஒரு கையெடுத்துக் கும்பிடுவார். ஓட்டமாவடியில் வானை நிறுத்தி மத்தியானத்துக்குப் புரியாணிப் பார்சல் சொல்லுவார். இரண்டாவது கடமையில்தான் அவருக்குப் பக்தி கூடுதல். பிறகு வாகரைப் பாதையில் போய், தண்ணீர்க் கரையோரம் இருக்கும் பல்நோக்கு மண்டபத்தில் இறங்குவோம்.

செயலமர்வுக்கென்று ஒரு ஒழுங்கு உண்டு. முதலில் வரவுத் தாளில் கையெழுத்து; அது இல்லாமல் தேத்தண்ணீரோடு கொடுக்கும் ரோல்ஸ் இல்லை. பிறகு குத்துவிளக்கு. மண்டபத்தின் ஜன்னல்கள் தண்ணீர்ப் பக்கம் திறந்திருப்பதால் காற்றுக்குத் திரி நிற்காது. நெருப்புக்குச்சி பல போய், இரண்டு பேர் வந்து மறைத்து நின்று, விளக்கு ஒருமாதிரி எரியும். படம் எடுப்பார்கள். அணைந்துவிடும். மறுபடி யாரும் அதைக் கொளுத்துவதில்லை; படம்தான் வந்துவிட்டதே.

முதல் செயலமர்வின் பதாதையில் 'ஈரநிலங்களும் நாமும்' என்று அடிக்கச் சொல்லியிருந்தேன். 'ஈரநிலங்களும் நாயும்' என்று வந்தது. மண்டபத்து வாசலில் எந்த நேரமும் மூன்று நாய்கள் படுத்திருக்கும் என்பதால் அது பெரிய பொய்யும் இல்லை. ஆனால் அன்று முழுக்க எனக்குப் பேச்சு ஓடவில்லை. ஒரு எழுத்துத் தப்பினால் தாங்காத ஆள் நான். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

அன்று கண்டல் காடு பற்றி ஒரு மணித்தியாலம் பேசினேன். அதன் வேர்களுக்குள் மீன்குஞ்சு வளர்வது, இறால் ஒதுங்குவது, புயலுக்கு அது கரையைக் காப்பது எல்லாவற்றையும் அழகாகச் சொன்னேன். கைதட்டினார்கள். கேள்வி நேரத்தில் மீனவர் சங்கத் தலைவர் எழுந்தார். அறுபது வயதிருக்கும். வெள்ளைச் சட்டைப் பையில் சங்கத்தின் றப்பர் முத்திரையை எப்போதும் வைத்திருப்பார்.

"ரீச்சர் சொன்ன கண்டல் மரம் நல்ல மரம்போல கிடக்கு," என்றார். "அதில கொஞ்சக் கண்டு எங்கிட ஊருக்கும் எடுத்துத் தர ஏலுமா?"

அவருடைய முதுகுக்குப் பின்னால் ஜன்னல் நிறையக் கண்டல் காடுதான் நின்றது. அதை அவர்கள் கண்ணா என்பார்கள். கண்ணாக்காட்டைப் பார்த்துப் பிறந்து வளர்ந்த மனிதர், நான் ஒரு மணித்தியாலம் பேசியது ஏதோ வெளிநாட்டு மரம் என்று எண்ணிக் கன்று கேட்கிறார்.

திருந்துகிற ஆளென்றால் அன்றைக்கே திருந்தியிருப்பேன். நான் என்ன செய்தேன் என்றால், அடுத்த முறை போனபோது 'கண்ணா என்பது பேச்சுச் சொல், கண்டல் என்பதே சரியான சொல்' என்று திரையில் பெரிதாகப் போட்டு, மண்டபத்திலிருந்த எல்லோரையும் மூன்று தரம் சொல்லவைத்தேன். சொன்னார்கள். பாவம், நல்ல மனிதர்கள்.

அதிகாரிக்கு உயிர் ஒரு பூனையில். சதுப்பில் மீன் பிடித்துத் தின்று வாழும் ஒருவகைக் காட்டுப்பூனை அது. ஆட்களுக்கு ஒளித்துத் திரியும். அந்தக் காட்டுக்குள் அதன் காலடி கிடந்தது என்று ஒரு தடவை அவர் வானில் வரும் வழியெல்லாம் சந்தோஷப்பட்டார். அதன் பெயரை நான் 'மீன்பிடிப் பூனை' என்று தமிழாக்கினேன். பெண்கள் இருந்த பக்கமிருந்து ஒரு குரல் வந்தது.

"மீன் பிடிக்காத பூனையும் இரிக்கா ரீச்சர்?"

மண்டபம் சிரித்தது. நானும் சிரித்ததுபோல் முகத்தை வைத்துக்கொண்டேன். கேட்டவருக்கு நாற்பது, நாற்பத்தைந்து வயது இருக்கும். தலைமயிரில் ஈரம் காய்ந்திருக்கவில்லை. தண்ணீருக்குள்ளிருந்து நேரே எழும்பி வந்திருந்தார்.

அன்று மாலை அதிகாரியோடு கரைக்கு நடந்தபோது அந்தப் பெண்ணை அவருடைய வேலையில் கண்டேன். கண்ணாக்காட்டுக்குள் போகும் ஒரு ஓடை. அதில் இடுப்பளவு தண்ணீரில் குனிந்து நின்று, வேர்களுக்கு இடையில் சேற்றைக் கையால் தடவி இறால் பிடித்துக்கொண்டிருந்தார். வலையும் இல்லை, தோணியும் இல்லை. இடுப்பில் கயிற்றால் கட்டிய பிளாஸ்டிக் வாளி ஒன்று பின்னால் மிதந்து வந்தது. கணவர் இறந்துவிட்டார் என்றும், இரண்டு பெண்பிள்ளைகள் படிக்கிறார்கள் என்றும் அக்கம்பக்கத்தில் சொன்னார்கள். அந்த வீட்டின் அடுப்பும் பிள்ளைகளின் கொப்பியும் அந்த வாளியை நம்பித்தான் இருந்தன. தோணி இல்லாத ஆளுக்கு ஆழத்தில் வேலை இல்லை. இந்த ஓடையை விட்டால் அவருக்கு வேறு இடம் கிடையாது.

வெயில் சாய்ந்து நன்றாக இருந்தது. நான்தான் என் போனில் அவரைப் படம் எடுத்தேன். நல்ல படம். அதிகாரி பார்த்துவிட்டுத் தனக்கும் அனுப்பச் சொன்னார்.

இனி அந்தப் படிவத்துக்கு வருகிறேன். ஊரில் யார் எங்கே தொழில் செய்கிறார்கள் என்று அறிய அமைப்பு ஆங்கிலத்தில் ஒரு வினாப்பத்திரம் தயாரித்தது. தமிழாக்கம் என்னிடம் வந்தது. கடலுக்கும் நிலத்துக்கும் நடுவில் கிடக்கும் அந்த உப்புத் தண்ணீருக்குத் தமிழில் என்ன எழுதுவது என்று இரண்டு நாள் யோசித்தேன். அரச கடிதங்களில் களப்பு என்பார்கள். மேடையிலும் வாழ்த்துப்பாக்களிலும் வாவி என்பார்கள். களப்பு என்று போட்டால் மட்டக்களப்பு என்ற ஊர்ப் பெயரோடு யாரும் குழப்பிக்கொள்வார்களோ என்று பயந்தேன். வாவி என்பது கேட்கவும் இனிமை, பார்க்கவும் சுத்தம். வாவியே என்று முடிவு செய்து, நாலாவது கேள்வியை இப்படி எழுதினேன்: நீங்கள் தொழில் புரியும் நீர்நிலை யாது? கடல், வாவி, ஆறு, குளம். பொருத்தமானதற்கு நேரே சரி அடையாளம் இடுக.

எல்லோரையும் கண்டல் கண்டல் என்று சொல்லவைத்த அதே நாளில்தான் அந்தப் படிவத்தையும் கொடுத்தோம். பேனையை எடுத்து மளமளவென்று அடையாளம் போட்டார்கள். ஒருவர்கூட ஒரு சந்தேகமும் கேட்கவில்லை. என் தமிழ் எவ்வளவு தெளிவாக இருந்தால் இப்படிக் கேள்வியே இல்லாமல் நிரப்புவார்கள் என்று நினைத்து எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது.

சில மாதங்கள் போய், முடிவுகளை ஊருக்குச் சொல்லும் செயலமர்வு வந்தது. அதே மண்டபம், அதே நாய்கள், அதே விளக்கு. இந்த முறை பளபளக்கும் அட்டையோடு ஒரு அறிக்கையும் அச்சடித்து வந்திருந்தது. 'வாவியின் எதிர்காலம்' என்று தலைப்பு. அட்டையில் நான் எடுத்த படம்.

அதிகாரி திரையில் ஒரு வட்டப் படத்தைப் போட்டார். வட்டத்தில் பெரும் பங்கு ஆறு என்று இருந்தது. மிச்சம் கடல். குளத்துக்கு ஒரு கீற்று. வாவிக்கு ஒன்றுமே இல்லை. இந்த ஊர் மக்கள் வாவியை விட்டு முற்றாக விலகிவிட்டார்கள், ஆகவே வாவியின் ஓடை ஒன்றையும் அதைச் சுற்றிய தண்ணீரையும் ஆள் இறங்காத காப்பிடமாக அறிவிக்க இதைவிட நல்ல தருணம் கிடையாது, யாருக்கும் நட்டமில்லை, பூனைக்கும் பறவைக்கும் வாழ்வு என்று அவர் சொன்னார். நான் ஒரு சொல் பிசகாமல் மொழிபெயர்த்தேன். எல்லையை அவர் பாகைக் கணக்கில் சொன்னார். அதையும் அகலாங்கு, நெட்டாங்கு என்று சரியாகவே சொன்னேன். திரையில் போட்ட வரைபடத்தில் வெயில் விழுந்து ஒன்றும் தெரியவில்லை.

மண்டபம் அனுதாபத்தோடு தலையாட்டியது. சங்கத் தலைவர் எழுந்தார்.

"வாவிய மூடுறதுக்கு எங்களுக்கு ஒரு மறுப்பும் இல்ல," என்றார். "அந்தப் பக்கத்து ஆக்களுக்குப் பிரச்சின இல்லாட்டி எங்களுக்கும் இல்ல."

அந்தப் பக்கத்து ஆட்கள் என்று அவர் யாரைச் சொல்கிறார் என்று நான் ஒரு கணம் யோசித்திருக்கலாம். யோசிக்காமல், ஊர் ஒத்துக்கொள்கிறது என்று ஆங்கிலத்தில் சொன்னேன். ஆதரிக்கிறவர்கள் கையை உயர்த்தட்டும் என்றார் அதிகாரி. சொன்னேன். எல்லாக் கைகளும் உயர்ந்தன. இறால் பிடிக்கிறவரின் கையும் உயர்ந்தது. படம் எடுத்தார்கள். அதிகாரிக்குக் கண் கலங்கியது. இவ்வளவு பெருந்தன்மையான சனத்தைத் தான் எங்கும் கண்டதில்லை என்று என் காதில் சொன்னார். எனக்கும் கொஞ்சம் கலங்கியது. இருவரும் ஒருவரையொருவர் பாராட்டிக்கொண்டு தேத்தண்ணீர் குடிக்கப் போனோம். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு சம்மதக் கடிதத்தை வாசித்துக் கையெழுத்தும் முத்திரையும் வாங்குவதுதான் மிச்சம்.

தேத்தண்ணீர்க் கோப்பையோடு நின்றபோது இறால் பிடிக்கிறவர் அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு வந்தார்.

"ரீச்சர், இந்தப் படத்தில நிக்கிறது நான்தானே?"

"ஓம், நீங்கதான்," என்றேன். "நான் எடுத்த படம்."

"என்ன, கறுப்பா விழுந்திரிக்கன்." கொஞ்ச நேரம் படத்தைப் பார்த்தார். பிறகு தலைப்பை விரலால் தொட்டுக் காட்டினார். "இதென்ன ரீச்சர் இந்த வாவி? எங்க கிடக்கு அது? டவுன் பக்கமா?"

நான் ஜன்னலுக்கு வெளியே தண்ணீரைப் பார்த்தேன்.

"பாவம், ஒரு சனமும் போறல்ல எண்டு சொன்னீங்க. அதான் மூடினா மூடட்டும் எண்டு நானும் கையத் தூக்கினன்," என்றார்.

என் வீட்டு வாசலுக்குக் கிழமையில் நாலு நாள் மோட்டர் சைக்கிளில் ஒரு மீன்காரர் வருவார். ஆத்து மீனா கடல் மீனா ரீச்சர் என்று கேட்பார். ஆத்து மீன் தாங்க என்பேன். அந்த ஆத்து மீன் இதைப்போன்ற உப்புத் தண்ணீரில் பிடித்த மீன்தான். எங்கள் வீட்டில் அம்மா சொன்னதும் ஆறு, நான் சொன்னதும் ஆறு, வாவிக்கரை வீதியில் குடியிருக்கிறவர்கள்கூட மீன் வாங்கும்போது சொல்வது ஆறு. வாவி மீன் என்று ஒரு மீனை நான் என் ஆயுளில் வாங்கியதில்லை. ஆற்றைத் தெரியாமல் நான் வாவி என்று எழுதவில்லை. தெரிந்த ஆற்றை, எழுதத் தகுந்த சொல் இல்லை என்று ஒதுக்கிவிட்டு எழுதினேன். இந்தச் சனம் ஆற்றில் இறங்குகிறோம் என்று நேர்மையாக அடையாளம் போட்டிருக்கிறது. நான் அதை வைத்து, வாவியில் யாரும் இல்லை என்று அவர்களுடைய வாயாலேயே சொல்லவைத்து, கையும் உயர்த்தவைத்துவிட்டேன். வெட்கத்தில் காது இரண்டும் சுட்டது.

"பிறகு சொல்றன்," என்றேன் அவரிடம். எவ்வளவு கோழைத்தனமான சொல் என்று சொல்லும்போதே தெரிந்தது.

அதிகாரி மண்டபத்துக்குப் பின்னால் நின்று ஒரு கொக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார். சொன்னேன். மொழிபெயர்ப்பில் ஒரு பிழை, என் பிழை, இவர்கள் ஆறு என்பதும் நாம் வாவி என்பதும் ஒரே தண்ணீர் என்றேன். அறிக்கை ஏற்கெனவே போகவேண்டிய இடங்களுக்குப் போய்விட்டது என்றார். சொல் வித்தியாசத்தை அடுத்த கட்டத்தில் சரிப்படுத்தலாம், இப்போது கடிதத்தை முடிப்போம் என்றார். கோபப்படவில்லை. என் தோளில் தட்டி, இவ்வளவு நல்ல மொழிபெயர்ப்பாளர் இதற்கெல்லாம் மனம் வருந்தக் கூடாது என்றும் சொன்னார்.

எனக்கு நிம்மதியாக இருந்தது. அதை மறைக்கப்போவதில்லை. பெரியவரே சொல்லிவிட்டார், அடுத்த கட்டம் என்று ஒன்று இருக்கிறது, நான் சொல்லவேண்டிய இடத்தில் சொல்லியும் விட்டேன். புரியாணிப் பார்சலைப் பிரித்து நன்றாகவே சாப்பிட்டேன். முட்டை நடுவில் இருந்தது. அதையும் விடவில்லை.

கை கழுவும் இடத்தில் இறால் பிடிக்கிறவர் மறுபடி வந்தார்.

"ரீச்சர், அந்தக் கடிதத்தக் கெதியா முடிப்பீங்களா? தண்ணி வத்துற நேரம். கையெழுத்த வெச்சிட்டு நான் ஆத்துக்கு இறங்கோணும்."

பைப்பை மூட மறந்து நின்றேன். இறங்க மாட்டேன் என்று கையெழுத்து வைத்துவிட்டு இறங்கப்போகிறார். நாளைக்கு ஓடையில் பலகை நட்டு, யாராவது சீருடையோடு வந்து வாளியைப் பறித்து, இதோ உங்கள் கையெழுத்து என்று காட்டும்போது அவர் யாரை நினைப்பார் என்று எனக்குத் தெரியும். அடுத்த கட்டம் வரும்வரைக்கும் அந்த அடுப்பு பொறுத்திருக்குமா என்ற கேள்வி எங்கள் வினாப்பத்திரத்தில் இல்லை.

சாப்பாட்டுக்குப் பிறகு மண்டபம் தூங்கிவழிந்தது. மேசையில் கடிதம் இருந்தது. சங்கத் தலைவர் முத்திரையை எடுத்து மைத்தட்டில் ஒற்றி, ஆயத்தமாகப் பிடித்திருந்தார். அதிகாரி ஆங்கிலத்தில் ஒரு பந்தி வாசித்து நிறுத்தினார். நான் எழுதி வைத்திருந்த தமிழ்ப் பிரதி என் கையில் இருந்தது. வாவியினுள் இனிமேல் பிரவேசிக்க மாட்டோம் என உளமார உறுதியளிக்கின்றோம். எவ்வளவு சுத்தமான வசனம். அதை மடித்துக் கைப்பைக்குள் வைத்தேன்.

"இதில என்ன எழுதியிரிக்கெண்டா," என்று தொடங்கினேன். முப்பது வருட உத்தியோகத்திலும் ஒரு மேடையிலும் நான் அப்படித் தொடங்கியதில்லை. "பாலத்தடியில இரிந்து கண்ணாக்காடு முடியிற வரைக்கும், இந்தா இந்த ஜன்னலால தெரியிற இந்த ஆத்துக்குள்ள, இனி ஒருத்தரும் இறங்கக்கூடாது. தோணியும் கூடாது, வலையும் ஒண்ணா, கையால தடவுறதும் ஒண்ணா. இறங்க மாட்டம் எண்டு நீங்க கையெழுத்து வைக்கிறீங்க. காலையில நான் வாவி வாவி எண்டு சொன்னது இந்த ஆத்தத்தான்."

முத்திரை மைத்தட்டுக்கும் கடிதத்துக்கும் நடுவில் நின்றது. எங்கோ ஒரு பிளாஸ்டிக் கதிரை கிரீச்சிட்டது. பிறகு எல்லோரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கினார்கள். என் பேச்சு ஒன்றுக்கு அவ்வளவு கவனமான சபை அதற்கு முன் கிடைத்ததில்லை. வாசலில் கிடந்த நாய்கள்கூட எழும்பி நின்றன.

அந்தச் சத்தத்துக்குள் இறால் பிடிக்கிறவர் எழுந்தார். குரலை உயர்த்தவில்லை.

"அப்ப நான் எங்க போற?" என்று கேட்டார்.

என்ன சொல்கிறார்கள் என்று அதிகாரி என்னிடம் கேட்டார். காலையிலேயே கேட்டிருக்க வேண்டியதைக் கேட்கிறார்கள் என்றேன். இப்போது நீங்கள் என்ன சொன்னீர்கள் என்றார். மொழிபெயர்த்தேன் என்றேன். காலையில் ஒத்துக்கொண்டார்களே என்றார். காலையில் நான் மொழிபெயர்க்கவில்லை என்றேன். அவர் முகம் சிவந்தது. ஆனால் பேனையை மூடிச் சட்டைப் பையில் செருகியதும் அவர்தான். சங்கத் தலைவர் முத்திரையைக் கைக்குட்டையால் துடைத்துத் தன் பைக்குள் வைத்தார். அவருடைய வெள்ளைச் சட்டையில் அன்று பட்ட மை பிறகும் போகவில்லை. அதை இப்போதும் என்னிடம் காட்டுவார்.

வெளியே வந்தபோது இறால் பிடிக்கிறவர் வாளியைக் கட்டிக்கொண்டு கரையில் நின்றார். நன்றி சொல்வார் என்று நான் எதிர்பார்த்தேன். ஆமாம், எதிர்பார்த்தேன்.

"காலையில எங்களக் கை தூக்கச் சொன்னதும் நீங்கதானே ரீச்சர்?"

"ஓம்."

"இது ஆறு எண்டு உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும்," என்றேன்.

என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தண்ணீருக்குள் இறங்கிப் போனார். திரும்பும் வழியில் சித்தாண்டியில் சாரதி கும்பிட்டபோது நானும் சேர்ந்து கும்பிட்டேன்.

இனி என்னைக் கூப்பிட மாட்டார்கள் என்றுதான் நினைத்திருந்தேன். ஒரு மாதம் கழித்து அதிகாரியே போன் எடுத்தார். தன் அறிக்கையின் அட்டையைத் திரும்பப் பார்த்ததாகச் சொன்னார். வாவியில் யாரும் இல்லை என்று உள்ளே எழுதிவிட்டு, வெளியே வாவிக்குள் நிற்கிற ஒரு பெண்ணின் படத்தைப் போட்டிருக்கிறோம், இதை நாங்கள் இருவருமே காணவில்லையே என்றார். சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. படிவத்தை மறுபடி நிரப்பித் தர முடியுமா என்று கேட்டார். அப்படி மறுபடி நிரப்பியதில்தான் அந்த ஓடை இன்றைக்கும் திறந்திருக்கிறது. கண்ணா வெட்டுவதில்லை, ஓடை வாயில் வலை கட்டுவதில்லை, கையால் பிடிக்கிறவர்களுக்குத் தடையில்லை என்று ஊரும் அமைப்பும் பேசி முடித்தன. பூனைக்கு இதில் முறைப்பாடு இருப்பதாகத் தெரியவில்லை.

படிவம் நிரப்பப் போன அன்று மைக் இல்லை, பதாதை இல்லை, விளக்கும் இல்லை. கரையில் ஒரு பூவரசு மர நிழலில் கதிரை போட்டு இருந்தேன். பழைய படிவங்கள் மிஞ்சிக் கிடந்தன. ஒவ்வொன்றிலும் நாலாவது கேள்வியில் 'வாவி' என்பதைப் பேனையால் வெட்டிவிட்டிருந்தேன். சிவப்புப் பேனைதான், வீட்டில் அதுதான் அகப்பட்டது. ஒவ்வொருவராக வந்து சொன்னார்கள், நான் எழுதினேன்.

இறால் பிடிக்கிறவர் ஈரத்தோடு வந்து எதிரில் குந்தினார். பெயர் கேட்டேன், சொன்னார். வயது கேட்டேன், சொன்னார். தொழில் கேட்டேன், இறால் என்றார். நாலாவது கேள்வியில் நேரத்தை வீணாக்குவானேன் என்று, அவர் வாயைத் திறக்க முன்பே 'ஆறு' என்பதற்கு நேரே சரி போடப் பேனையைக் கொண்டுபோனேன்.

சேறு காயாத ஒரு விரல் தாளின் மேல் வந்து நின்றது.

"கேட்டுட்டு எழுதுங்க ரீச்சர்," என்றார்.

பேனையை எடுத்தேன். எங்கே தொழில் செய்கிறீர்கள் என்று கேட்டேன். ஆறு என்றார். எழுதினேன்.